பள்ளப்பக்கத்து வளைவுகள்

எல்லைக் கேட்டை இழுத்து மூடிய வருஷம், பாலத்துக்கு இந்தப் பக்கம் இந்தியாவும் அந்தப் பக்கம் பர்மாவும் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலத்தில், மணிப்பூர் எல்லை ஊரான மோரேயில் சேவுகன் வீட்டு வாசலில் செங்கல் அடுக்கி நிறுத்தியிருந்த சக்கரம் இல்லாத ஜீப் ஓடத் தொடங்கியது. வாசலை விட்டு அது ஒரு விரல்கடை நகரவில்லை. அடியில் அடைகாத்த கோழி அப்படியே அடைகாத்தது. ஜன்னலுக்கு வெளியே மலைகள்தான் போயின.

சேவுகனுக்கு ஆட்களை மறந்தாலும் மறக்கும், அவர்கள் செய்தது மறக்காது. ஜீப்புக்குச் சக்கரம் இல்லாததற்குக்கூட ஓர் ஆள் இருந்தான். கோயில் கமிட்டி பூமிநாதன், அம்மன் சப்பரத்துக்கு நல்ல சக்கரம் இல்லை, திருவிழா முடிந்ததும் தருகிறேன் என்று நான்கையும் கழற்றிக்கொண்டு போனான். அம்மன் அந்தச் சக்கரத்தில் வருஷா வருஷம் வீதி சுற்றி வருகிறாள். சேவுகன் திருநீறு வாங்கும்போதும் அம்மனைப் பார்ப்பதில்லை, சக்கரத்தைத்தான் பார்ப்பான். அரசாங்கத்தின் மேல், இரண்டு அரசாங்கத்தின் மேலும், கோபம் இருந்தது. மழையின் மேல் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், வீட்டுக்கு அஸ்திவாரம் கிடப்பதுபோல, பர்மாவின் மலை ஊரான மேமியோவில் இருக்கும் அண்ணன் மாயழகின் மேல் இருந்தது.

ஜீப் ஓடியதற்குக் காரணம் அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணம். கல்யாணத்தின்போது அவன் வாக்குக் கொடுத்திருந்தான், உன்னை மலைப்பாதை வழியாக பர்மா கூட்டிப்போய், எங்கள் மேமியோவைக் காட்டி, ஷான் மலை ஏறி, தாய்லாந்து வரைக்கும் வேடிக்கை காட்டிக் கூட்டிவருகிறேன் என்று. அதற்குப் பிறகு ஜீப்பில் வெங்காயம் போனது, போர்வை போனது, பிளாஸ்டிக் வாளி போனது, பஞ்சவர்ணம் போகவில்லை. கேட்டும் மூடி, சக்கரமும் போய், இருவருக்கும் முழங்கால் தேய்ந்த பிறகு, ஒரு மழைநாள் காலையில், கூரை ஒழுகாத இடம் ஜீப் ஒன்றுதான் என்பதால் அதற்குள் போய் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள் ஆரம்பித்தாள்.

“போறோமோ இல்லையோ, எப்படிப் போறதுன்னு ஒரு திட்டமாச்சும் போடுவோமேங்க.”

“மூடின கேட்டுக்கு என்னடி திட்டம்?”

“பாலம் தாண்டினதும் என்ன வரும்? அதைச் சொல்லுங்க.”

“என்ன வரும், இடது கைப்பக்கம் ஒரு அரசமரம் வரும். அடியில தண்ணிப்பானை வச்சிருப்பான்.”

அரசமரம் வந்தது. அடியில் தண்ணிப்பானை இருந்தது. பஞ்சவர்ணம் டீ டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, “ஆமா, வந்துருச்சு. அப்புறம்?” என்றாள்.

அப்புறம் தமு சந்தை வந்தது, தேக்கங்காடு வந்தது, வயல் நடுவில் வெள்ளைக் கோபுரங்கள் வந்தன, அவன் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக வந்து, ஜன்னலைத் தொட்டுவிட்டு, பின்னால் போயின. அவன் வாயை மூடியதும் வாசலும் பூமிநாதன் வீட்டுச் சுவரும் திரும்ப வந்தன. இருவருக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது. டம்ளரில் மிச்சம் இருந்த டீ முழுக்கச் செம்மண் தூசி.

தமுவுக்கு அப்பால் சேவுகன் வண்டி ஓட்டியதே இல்லை. ஆனால் கேட் திறந்திருந்த காலமெல்லாம் அந்தப் பக்கத்து லாரிக்காரர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவன். எந்த வளைவில் எவன் கவிழ்ந்தான், எந்தப் பாலத்தில் பலகை இல்லை, எந்த ஊரில் சோறு நன்றாக இருக்கும் என்று காது வழியாகவே மாண்டலே வரை போய்வந்திருந்தான்.

விஷயம் ஊருக்குத் தெரிந்தபோது ஊர் அதிசயப்படவில்லை, வரிசையில் நின்றது. முதலில் வந்தவள் மார்க்கெட்டில் கீரை விற்கும் இபேம்சா. மணிப்பூரின் மைதேயிக்காரி என்றாலும் தமிழர்களோடு விலை பேசிப் பேசி ஊர்த் தமிழ் அத்தனையும் அவள் வாயில் இருந்தது. மகளை அந்தப் பக்கம் கலேவாவில் கட்டிக்கொடுத்து, கேட் மூடியதிலிருந்து முகம் பார்க்கவில்லை.

“அண்ணே, கலேவா வரைக்கும் வளைவைச் சொல்லு. மிச்சத்தை நீயே வச்சுக்க.”

சொன்னான். சிந்த்வின் ஆற்றங்கரையில் இறங்கி, மகள் வீட்டில் சாப்பிட்டு, பேரப்பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டு, பர்மாக்காரர்கள் சாப்பிடும் ஊறவைத்த தேயிலை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு அவள் திரும்ப வந்தாள். அன்றிலிருந்து சேவுகனுக்கு ஓய்வு போயிற்று. விடிந்தால் ஜீப்பைச் சுற்றிக் கூட்டம். ஜன்னலோரம் யாருக்கு என்று சண்டை. ஒரு வளைவை அலுப்பில் விட்டுவிட்டால் பின்னால் இருப்பவர்கள் தலை கூரையில் முட்டும், பள்ளத்தைச் சொல்ல மறந்தால் பல் உடையும், அதனால் ஒன்று விடாமல் சொல்ல வேண்டியிருந்தது, சொல்லிச் சொல்லி அவன் தொண்டை கட்டிப்போயிற்று. மருந்துக்கடையில் வாந்தி மாத்திரை தீர்ந்தது. போய்வந்தவர்கள் அலுப்பில் பகலெல்லாம் தூங்கினார்கள், போகாதவர்கள் அவர்களைப் பார்த்துப் பார்த்தே அலுத்துப் போனார்கள், கடைவீதியில் நடப்பவர்கள்கூட மேடு ஏறுகிறவர்கள் மாதிரி முன்னால் சாய்ந்து நடந்தார்கள். காலில் ஒட்டியிருப்பது வெளிநாட்டு மண்ணாயிற்றே, கழுவாமல் கோயிலுக்குள் வரலாமா என்று கமிட்டி கூடிப் பேசியது. நம்மில் பாதிப்பேர் அந்த மண்ணில் பிறந்தவர்கள்தானே என்று யாரோ கேட்கவும் கமிட்டி கலைந்தது.

கேட் காவல் அதிகாரியும் ஒரு நாள் வந்தார். குனிந்து செங்கல்லைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார். சக்கரம் இல்லாதது வாகனம் ஆகாது, வாகனம் இல்லாததை நிறுத்தத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். பிறகு தொப்பியைக் கழற்றி, இது தன் இமாச்சல ஊருக்குப் போகுமா என்று இந்தியில் கேட்டார். அந்த வழி தனக்குத் தெரியாதே என்றான் சேவுகன். பரவாயில்லை என்று அவர் கொஞ்ச நேரம் பின் சீட்டில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் சனங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பர்மாவில் வண்டிகள் வலப்பக்கம் போகும். முன்பு இடப்பக்கம்தான் போயின, சேவுகன் குடும்பம் பர்மாவை விட்டு வெளியேறிய பிறகு ஒரு நாள் மாற்றிவிட்டார்கள். சேவுகன் இடப்பக்கத்தை விடவில்லை. எதிரே வரும் லாரிகள் நேரே மூக்குக்கு வந்து, கடைசி நிமிஷத்தில் விலகி, பர்மியத்தில் அவன் தாயைத் திட்டிக்கொண்டு போயின.

“அண்ணே, வலப்பக்கம் போண்ணே! புள்ளைகுட்டிக்காரன்ணே நானு!” என்று அலறுவான் பூமிநாதன். சக்கரத்தை எடுத்துக்கொண்டு போனவன் என்ற கூச்சம் கொஞ்சமும் இல்லாமல் தினமும் வந்து ஜன்னலோரம் உட்காருவான். தாய்லாந்து பார்க்காமல் விடுவதில்லை என்று இருந்தான்.

“நான் விட்டுட்டு வரும்போது இடப்பக்கம்தான் போனாங்க. மாத்தினா எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கணும். யாரு சொன்னா?” என்பான் சேவுகன்.

இப்படியே தமு, கலேவா, மோனிவா, மாண்டலே என்று ஊர் முழுக்கப் போய்வந்தது. ஆனால் மாண்டலே தாண்டி, சமவெளி முடிந்து, மேமியோ மலை தொடங்கும் இடத்தில் ஜீப் நின்றுவிடும். மேலே பார்த்தால் பனிமூட்டம் பால் காய்ச்சிய மாதிரிப் பொங்கி நிற்கும். சேவுகன் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்துவிடுவான்.

“இதோட சரி. இறங்கு எல்லாரும்.”

“அப்ப தாய்லாந்து?” என்பான் பூமிநாதன்.

“அந்த மலையைத் தாண்டித்தான் தாய்லாந்து. அந்த மலையில எனக்கு ஆகாத ஆளு ஒருத்தன் இருக்கான்.”

ஆகாத ஆள் கதை ஊருக்கே மனப்பாடம். அப்பாவுக்கு மேமியோவில் குதிரைவண்டி. பர்மா அரசாங்கம் இந்தியாவுக்குப் போ என்று சொல்லிக் கப்பல் ஏற்றியபோது, குதிரையை நல்ல ஆள் கையில் ஒப்படைத்துவிட்டு அடுத்த கப்பலில் வருகிறேன் என்று அண்ணன் மட்டும் நின்றான். அடுத்த கப்பலில் அவன் வரவில்லை. சென்னைக்குப் பக்கத்தில் முகாமில் அப்பாவுக்கு வெயிலும் ஒத்துக்கொள்ளவில்லை, மனிதர்களும் ஒத்துக்கொள்ளவில்லை. ரயிலும் லாரியுமாக மாறி மாறி ஏறி, நடந்து, தரைவழியாகவே திரும்பிவிடலாம் என்று மோரே வரை வந்தார்கள். கேட்டில் நிறுத்திவிட்டார்கள். வழிப்போக்கன் ஒருவனிடம் அண்ணன் சொல்லி அனுப்பினான், வண்டியோடு கேட்டில் வந்து நிற்கிறேன், அப்பாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல் என்று. அப்பா தினமும் காலையில் முகம் கழுவி, சட்டை போட்டு, கேட்டோரம் ஒரு கல்லில் போய் உட்கார்ந்தார். சட்டை கிழிந்தது, கல் வழவழத்தது, மலேரியா வந்தது. கடைசி மூச்சுக்கு முன்னால், “குதிரைச் சத்தம் கேக்குதாடா?” என்றார். இல்லை என்று சொன்னது சின்னப்பிள்ளை சேவுகன். அந்த இல்லை என்ற சொல்லைத்தான் அவன் இத்தனை காலம் சுமந்துகொண்டு திரிந்தான், ஒரு நாள் அண்ணன் முகத்தில் எறிவதற்காக.

மழை விட்ட ஒரு நாள் மேமியோவிலிருந்து போன் வந்தது. மாயழகின் மகள் செல்லத்தாய். பஞ்சவர்ணம் எடுத்து, சத்தமாக வைத்து, சேவுகன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“சித்தப்பா, அப்பாவுக்கு ரொம்ப முடியல. சோறு தண்ணி இறங்கல. கட்டில்ல படுங்கன்னா கேக்கல, குதிரை செத்த அந்தப் பழைய வண்டி முற்றத்துல கிடக்குல்ல, அதுல ஏறி உக்காந்துக்கிட்டாரு. நாள் பூரா ஏதோ வளைவு பேரு சொல்றாரு. ஒண்ணு சொல்றாரு, நிறுத்திடறாரு. யாரோ பதில் சொல்லணும்ங்கிற மாதிரி காதைத் தீட்டிக்கிட்டு இருக்காரு. நீங்க ஒரு தடவை வந்துட்டுப் போங்க சித்தப்பா. ரொம்ப நாள் தாங்காது.”

“வழி சொல்லத் தெரியுது உங்கப்பனுக்கு. வரத் தெரியல,” என்றான் சேவுகன். போனை அணைக்கச் சொல்லிக் கை காட்டினான்.

பஞ்சவர்ணம் அணைத்தாள். பிறகு ஜீப்புக்குள் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏற்கெனவே உள்ளே இருந்த பூமிநாதனும் இபேம்சாவும் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

“ஏங்க, நெசத்தைச் சொல்லுங்க. அந்த மலை ஏறாம நிக்கிறது கோவத்துலயா, இல்ல வழி தெரியாமயா?”

சேவுகன் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“பாதி தெரியும்,” என்றான்.

மேமியோ மலையில் பனி இறங்கினால் குதிரைக்கு அதன் காது தெரியாது. அப்பாவுக்கு வேறு கண் மங்கல். அதனால் வண்டியின் முன்பலகையில் இரண்டு மகன்களையும் ஆளுக்கொரு ஓரமாக உட்கார வைத்துக்கொள்வார். பாறைப்பக்கமாக வரும் வளைவையெல்லாம் சின்னவன் சொல்ல வேண்டும், பள்ளத்துப் பக்கமாக வரும் வளைவையெல்லாம் பெரியவன் சொல்ல வேண்டும். தண்ணித்தொட்டி வளைவு என்று தம்பி கத்துவான், மூங்கில் வளைவு என்று அண்ணன் கத்துவான், குரலைக் கேட்டு அப்பா கடிவாளத்தை இழுப்பார். அவரவர் பக்கத்தை மட்டும் பார்க்கச் சொல்லி வளர்த்த பிள்ளைகள். பள்ளத்தை எட்டிப் பார்த்தால் தம்பிக்கு அடி விழும். அந்த மலையில் பாதி வளைவு அண்ணனிடம் இருந்தது.

“அதைச் சொல்றதுக்கு உங்களுக்கு இத்தனை காலமா?” என்றாள் பஞ்சவர்ணம். “சரி, தெரிஞ்ச பாதியைச் சொல்லுங்க. போற வரைக்கும் போவோம். அந்த மனுசன் இழுத்துக்கிட்டுக் கிடக்காரு.”

“பாதி மலை ஏறி பள்ளத்துல விழுகவா?” என்றான் பூமிநாதன்.

“நீ இறங்கிக்க தம்பி. சக்கரம் திருப்பித் தராதவனுக்குப் பள்ளம் என்ன, மேடு என்ன?”

பூமிநாதன் இறங்கவில்லை. தாய்லாந்து ஆசை.

அன்று சேவுகன் பாலத்திலிருந்து மலையடி வரை ஒரே மூச்சாகச் சொன்னான். அரசமரமும் தேக்கங்காடும் ஆறும் சமவெளியும் எடுத்து வைத்த அடிபோல ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மலையடியில் பனிக்குள் ஜீப்பை நுழைத்து, கப்பல் ஏறிய பிறகு முதல்தடவையாக அந்தப் பெயரைச் சத்தம் போட்டுச் சொன்னான்.

“தண்ணித்தொட்டி வளைவு!”

பாறை ஈரமாக வந்து இடக்கைப் பக்கம் உரசிக்கொண்டு திரும்பியது. அடுத்தது பள்ளத்துப் பக்கம். அவன் வாயில் ஒன்றும் இல்லை. ஜீப் நின்றது. முன்னால் பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, பின்னால் லாரி ஒன்று ஹார்ன் அடித்தது, இபேம்சா தன் சாமியைக் கூப்பிட்டாள். அப்போது மேலே, வெகு தூரத்தில், பனிக்குள்ளிருந்து ஒரு கிழட்டுக் குரல் வந்தது.

“மூங்கில் வளைவு!”

பள்ளத்தோரம் மூங்கில் புதர் தலையாட்டிக்கொண்டு வந்தது. ஜீப் அதைச் சுற்றித் திரும்பியது. வளைவு காத்திருக்காது.

“பாதிரியார் வளைவு!”

“குதிரை சறுக்கின வளைவு!”

“தேன்பாறை வளைவு!”

“ரெண்டு சவுக்கு வளைவு!”

கீழிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று அந்த மலையை இரண்டு கிழவர்களும் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கி வைத்தார்கள். குரல் நெருங்க நெருங்கக் குளம்புச் சத்தமும் கேட்டது. பிறகு பனி விலகி, நீலமும் மஞ்சளும் பூசின ஒரு குதிரைவண்டி, குதிரை இல்லாமல், குளம்புச் சத்தத்தோடு மட்டும் இறங்கி வந்தது. அதுவும் தன் இடப்பக்கத்தையே பிடித்துக்கொண்டு வந்தது. ஊரெல்லாம் வலப்பக்கத்துக்கு மாறிய பிறகும் அந்த நாட்டில் மாறாதவன் ஒருவன் இருந்திருக்கிறான். இரண்டுபேரும் பழைய பக்கத்தை விடாததால், ஜீப்பின் ஸ்டியரிங் பக்கமும் வண்டிக்காரன் உட்கார்ந்திருந்த பக்கமும் ஒட்டி நின்றன. கை நீட்டினால் தொடலாம். ஒருவன் மாறியிருந்தாலும் மோதியிருப்பார்கள். இருவரும் மாறியிருந்தால் நடுவில் ஒரு வண்டி அகலம் விட்டு, முகம் பார்க்காமல் கடந்திருப்பார்கள்.

மாயழகு மெலிந்து, கண் உள்ளே போய், போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“என்னடா, கிழவனாயிட்ட?” என்றான்.

“ஏன் வரல?” என்றான் சேவுகன்.

“வந்துக்கிட்டுத்தானே இருக்கேன். பாறைப்பக்கத்து வளைவைச் சொல்ல ஆளு இல்ல. நீதான் அதை எடுத்துக்கிட்டுக் கப்பல் ஏறிட்டியே. ஒவ்வொரு தடவையும் ரெண்டு சவுக்கு வரைக்கும் வருவேன், அடுத்தது என்னன்னு தெரியாது, திரும்பிருவேன்.” மூச்சு வாங்கினான். “அப்பா எங்க? கேட்டுல உக்காந்திருக்காரா?”

சேவுகன் சுமந்து வந்தது வாய்க்குள் வந்து நின்றது. எறிவதற்கு எதிரே இருந்த முகத்தில் இடம் இல்லை.

“செத்துப் போனாரு. நீ வர்ற சத்தம் கேக்குதான்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“இல்லன்னு சொன்னேன்.”

“சரியாத்தான் சொல்லியிருக்க,” என்றான் மாயழகு. “ஆனாலும் சொன்னது சொன்னதுடா. கேட்டுல போயி நின்னுடறேன். நீ மேல போறதுன்னா போ, வீட்டுல செல்லத்தா சோறு போடுவா.”

“நான் பாறைப்பக்கத்தைச் சொல்லாம நீ எப்படிப் போவ?”

முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி, ஜீப்பைத் திருப்ப அங்கே இடமே கிடையாது. சேவுகன் ரிவர்ஸ் போட்டான். மூக்கு மலையைப் பார்க்க, ஜீப் பின்பக்கமாக இறங்கியது. பக்கத்தில், ஜன்னலோடு ஜன்னலாக, வண்டி முன்பக்கமாக இறங்கியது. வழி அத்தனையும் அடைத்துக்கொண்டு இரண்டுபேரும் முகத்துக்கு முகம் பார்த்தபடி வளைவுகளைத் திரும்பச் சொன்னார்கள். லாரிக்காரர்கள் முதலில் திட்டினார்கள், பிறகு அலுத்துப்போய், கீழே நின்றவர்கள் பின்வாங்க, மேலே நின்றவர்கள் சாவு ஊர்வலத்துக்குப் பின்னால் போகிறவர்கள் மாதிரி மெதுவாக வந்தார்கள்.

“வாங்க பெரியத்தான்,” என்றாள் பஞ்சவர்ணம், சேவுகன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. “உங்க தம்பி இங்க தினமும் உங்களைத் திட்டாம கை கழுவ மாட்டாரு.”

“அது தெரியும்மா. அங்க எனக்குப் புரையேறும்.”

“அப்ப தாய்லாந்து?” என்றான் பூமிநாதன் பின்னாலிருந்து.

மாண்டலே வந்தது, மோனிவா வந்தது, ஆறு வந்தது. ஆற்றைத் தாண்டும்போது மாயழகு கண்ணை மூடிக்கொண்டான், குளம்புச் சத்தம் மட்டும் விடாமல் நடந்தது. சமவெளியில் சொல்ல வளைவு இல்லாத இடங்களில் இருவரும் வேறென்னவோ பேசினார்கள், அம்மா சுட்ட பணியாரம், குதிரைக்கு வைத்த பேர், ஒரு தடவை பனியில் தொலைந்த செருப்பு. ஒன்றும் முக்கியமில்லை. தேக்கங்காடு, தமு சந்தை, அரசமரம். பாலத்தின் அந்த முனையில் வண்டி நின்றது. மாயழகு ஒரு கையால் பலகையைப் பிடித்து இறங்கி, மூடிய கேட்டுக்கு முன்னால் போய், போர்வையைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றான்.

“நின்னுட்டேன். பாத்துக்கிட்டியா?”

“பாத்துக்கிட்டேன்.”

“லேட்டுதான்.”

“லேட்டுதான்,” என்றான் சேவுகன். “உள்ள வா.”

“எனக்கு இதுவரைக்கும்தான்டா வழி.”

சேவுகன் வாயை மூடினான். வாசலும் பூமிநாதன் வீட்டுச் சுவரும் திரும்ப வந்தன. கோழி எழுந்து போயிருந்தது. பஞ்சவர்ணத்தின் மடியில் போன் அடித்தது. செல்லத்தாய் அழுதுகொண்டே சொன்னாள், அப்பா வண்டியில் உட்கார்ந்த மேனிக்கே போய்விட்டார், போகும்போது முகம் கோணவில்லை, காலில் மட்டும் எங்கிருந்து வந்ததென்று தெரியாமல் செம்மண் அப்பிக் கிடக்கிறது, கழுவவா வேண்டாமா என்று கேட்டாள்.

“கழுவாதம்மா,” என்றான் சேவுகன். “நடந்து வந்த கால்.”

மறுநாள் காலையில் வழக்கம்போலக் கூட்டம் வந்தது. இபேம்சா கூடையோடு வந்தாள். பூமிநாதன் என்ன நினைத்தானோ, சப்பரத்திலிருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றி உருட்டிக்கொண்டு வந்து சுவரில் சாய்த்தான். மிச்ச மூன்றும் அடுத்த திருவிழாவுக்குப் பிறகு என்றான். சேவுகன் தள்ளாடி எழுந்து வந்து, “இன்னிக்கு வண்டி ஓடாது. டிரைவருக்கு அலுப்பு,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தான்.

தூக்கம் வருவதற்கு முன்னால், வழக்கம்போல, அண்ணன் மேல் இருந்த கோபத்தைத் தேடினான். சட்டைப்பையில் பீடியைத் தேடுவதுபோல எந்த நினைப்பும் இல்லாமல் கை தானாகப் போயிற்று. அது இருந்த இடத்தில் இல்லை. புரண்டு படுத்துத் தேடினான். நெஞ்சு பூராவும் துழாவியும் அகப்படவில்லை. அப்பாவின் குதிரையை எடுத்துக்கொண்டான், பள்ளத்துப் பக்கத்தையெல்லாம் எடுத்துக்கொண்டான், கடைசியில் பார் இதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டானே என்று சேவுகனுக்கு அவன் மேல் புதிதாக ஒரு கோபம் வந்தது. சின்னதுதான். அதைப் பத்திரமாக அணைத்துக்கொண்டு தூங்கிப்போனான்.